அண்ணன் காலில் இருக்கும் தகடு

என் தங்க அப்பாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதமாகிறது. வீட்டுச் செய்தி சொல்கிறேன். அண்ணன் தொடையில் வைத்த ஸ்டீல் தகட்டை எடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அவன் மாட்டேன் என்கிறான். எனக்கோ வயிறு எரிகிறது.

எரியாதா பின்னே? அன்று அடி அண்ணாமலை ஊர்ப் புளியமரத்தில் அவனுக்கு மேல்கிளையில் இருந்தவன் நான். விழுந்தவனுக்குத் தகடு, விழாதவனுக்கு முதுகில் தட்டு! வேலூர் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் அவன் கட்டிலுக்கடியில் பாய் போட்டுக் கிடந்தாயே, எனக்காக ஒரு நாள் கிடந்திருக்கிறாயா?

நேற்று அம்மா டாக்டரிடம் கேட்டாள்: "எலும்பு சேந்ததும் உள்ளயே கரைஞ்சு போற மாதிரி ஒண்ணு இல்லீங்களா?"

"மக்னீசியத்துல எப்பவோ வெளிநாட்டுல செஞ்சு பாத்தாங்கம்மா. எலும்பு சேர்றதுக்குள்ள அது கரைஞ்சுடுச்சு. தொடை எலும்பைத் தாங்கிட்டு சரியான நேரத்துல கரையறது இன்னும் வரலை. இவனுக்கு ஸ்குரு பக்கத்துல சீழ் வெச்சிருக்கு. எடுக்கலைன்னா காலுக்கே ஆபத்து."

மக்னீசியம்! பள்ளிக்கூட லேபில் நான் கொளுத்தி, வாத்தியாரை பெஞ்சு மேல் ஏற்றினேனே, அதேதான்.

அண்ணன் தலைநிமிரவில்லை. "அப்பா கூட இருந்து வெச்சது. இருந்துட்டுப் போவட்டும்."

ஊர் திரும்பும் பஸ்ஸில் நான் விடவில்லை. "எடுத்ததும் தகட்டை எனக்குக் குடுத்துடு. நாப்பது நாள் அப்பாவை நீயே வெச்சிருந்தல்ல?"

"போடா லூசு. நாப்பது நாளும் அவரு பேசுனது உன்னப் பத்திதான். அந்த மக்னீசியக் கதைய எத்தினி தடவை! சிரிச்சா கால் வலிக்குது, நிறுத்துப்பான்னு கத்துவேன். கட்டில்ல கெடந்தது நானு, பேச்செல்லாம் நீயி. எனக்கு எரியாதா?"

கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை அப்படியே அவனிடம் நீட்டினேன். உனக்கே தெரியும், அது லேசில் நடக்காது.

போளூர் தாண்டி மலை தெரிந்தபோதுதான் மெதுவாகச் சொன்னான்: "தகட்டை எடுத்துடலாம்டா. ஆனா இந்தத் தடவை கூட யாரு இருப்பா?"

அப்பா, நீயும் அந்த மக்னீசியம்தானா? நாங்கள் ரெண்டு பேரும் சேர்வதற்குள் ஏன் கரைந்தாய்?

போகட்டும். திங்கட்கிழமை ஆபரேஷன். உன் பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டேன். கட்டிலுக்கடியில் நான் படுக்கிறேன். சிரித்துச் சிரித்து அவனுக்குக் கால் வலிக்கிறவரைக்கும் உன் கதையாகச் சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
மரத்திலிருந்து விழத் தெரியாத உன் சின்ன மகன்