மெர்சி கேட்ட கேள்வி

வெள்ளிக்கிழமை, இரவு

என்னோடு உப்பளத்தில் வேலை செய்யும் மெர்சி, திங்கட்கிழமை நர்சிங் படிக்கப் புதுச்சேரி போகிறாள். சாயங்காலம் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் நான்தான் தைரியம் சொன்னேன். "கர்த்தர் குடுத்த ஆசைடி. பயப்படாம போ."

திரும்பி வரும்போது அவள் கேட்டாள்: "உங்களுக்கு என்னக்கா ஆசை குடுத்திருக்காரு?"

இதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "வேன் ஓட்டணும். அளத்துக்கு வர்ற பொம்பளைங்கள நானே ஏத்திட்டு வரணும்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் வரப்பிலேயே நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தாள். "ஆமென் சொல்லுங்கக்கா" என்றாள். சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரர் பக்கத்தில் தூங்குகிறார். லைசென்ஸ் எடுக்கப் போகிறேன் என்றால் என்ன சொல்வாரோ. அவளை அனுப்புவது சுலபமாக இருந்தது. எனக்கென்று வரும்போதுதான் பயம். காலையில் டீ குடிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். மத்தியானம் வரை விட்டால் வாய் வராது.