சைலன்சரை ஒட்டிய கயிறு

சித்திரை 8, திங்கள்

புயல் வந்து ரவி கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதே, அதற்கு அடுத்த சித்திரை. படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம். காலை எட்டு மணிக்கே தகரக் கூரையில் கை வைக்க முடியவில்லை.

பாகூரில் மாப்பிள்ளை ரவியின் வெல்டிங் கடையில் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தேன். மணப்பட்டிலிருந்து ஒரு பெரிய கார். வெள்ளை. படகுக்கார சங்கருடையது. புயல் வெள்ளத்தில் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்த வண்டி. அடியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கிப் பிடிக்கிற வின்ச் துருப்பிடித்து இறுகிவிட்டது. கம்பி அறுந்து ஐந்து மாதம். அன்றிலிருந்து டயரைக் கயிற்றால் கட்டி ஓட்டியிருக்கிறான்.

ரவி மல்லாந்து அடியில் போனான். "கயிறாடா கட்டி வச்சிருக்க?"

"வலைக் கயிறுபா. படகையே கட்டி இழுக்கும். இந்த டயரு இன்னா பெரிய டயரு?"

எல்லாருக்கும் சிரிப்பு. நானும் குனிந்து பார்த்தேன். பச்சைக் கயிறு. நாலு சுற்று. அதில் இரண்டு சைலன்சரை ஒட்டி.

அதற்குமேல் குனிய முடியவில்லை. இடுப்பு வலி என்று சொன்னேன். இடுப்பு வலி இல்லை.

வாங்க வேண்டியது: கண் சொட்டு மருந்து, பேனா. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். பள்ளிக்கூடம் போகாதவன். லாரிகளின் பின்பலகையைப் பார்த்து எழுத்துக் கூட்டியவன். இதை எவன் படிக்கப் போகிறான்.

சித்திரை 9, செவ்வாய்

புழுக்கம். கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.

புது வின்ச் சென்னையிலிருந்து வரவேண்டுமாம். பத்து நாள். சங்கருக்கு ஞாயிற்றுக்கிழமை அமாவாசைக்கு மலையனூர் போயாக வேண்டும், மகளுக்கு மொட்டை. வண்டிக்குள் பதினோரு பேர். பின்னால் தெருப் பிள்ளைகள் ஆறு பைக்கில்.

"டயரை உள்ளதான் போட்டுக்கயேன்" என்றான் ரவி.

"உள்ள ஏதுடா எடம்? ஆட்டுக்குட்டியே எங்க அத்தை மடியிலதான் வருது."

"அப்ப மேல கட்டு."

"மேல அண்டா, பானை, ஜமக்காளம், அதுக்கும் மேல எங்க மாமன். இன்னும் ஒரு டயர வச்சா அவரு எங்க குந்துவாரு?"

நான் வாயைத் திறந்தேன். "கயிறு வேணாம்பா. சைலன்சர் சூட்டுல உருகிடும்."

சங்கர் என்னைத் திரும்பிப் பார்த்தான். "தாத்தா, எங்க அப்பன் காலத்துலேர்ந்து இந்தக் கயிறுதான். வெயிலு, மழ, உப்பு எல்லாம் தாங்குது. ஒரு தபா கூட உட்டது கெடையாது."

"கடல்ல சைலன்சர் கெடையாதே."

ரவி சிரித்தான். சங்கரும் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டான். "அஞ்சு மாசமா உருகல. இப்ப உருகுமா? உனுக்கு எப்பிடித் தெரியும்? பாத்தியா நீ?"

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"யாரோ சொன்னாங்க" என்றேன்.

அவனே அடியில் போய்ப் பழைய கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புதுக் கயிறு கட்டினான். நாலுக்கு எட்டுச் சுற்று. முடிச்சைப் பார்த்தேன். எத்தனை குலுக்கினாலும் அவிழாத முடிச்சு. அன்றைக்கு நான் போட்டதும் அவிழாத முடிச்சுதான்.

பாகூருக்கும் மணப்பட்டுக்கும் ஓடுகிற ஓட்டத்தில் சைலன்சர் அவ்வளவு சுடாது. மலையனூர் அப்படி இல்லை. மணிக்கணக்கில் ஓட வேண்டும்.

சித்திரை 11, வியாழன்

நேற்று எழுதவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. மகள் செல்வி கருவாட்டுக் குழம்பு வைத்தும் இறங்கவில்லை.

"இன்னாப்பா, கைய மோந்து மோந்து பாக்கற? சோப்பு போட்டுக் கழுவலியா?"

கழுவினேன். அது போகிற வாசனை இல்லை.

எழுதிவிடுகிறேன்.

நைலான் கயிறு பாகூர்ப் பக்கம் முதல் முதலாக விற்பனைக்கு வந்த வருஷம். அதே வருஷம்தான் எங்கள் தெருவுக்குக் கரண்ட் கம்பம் நட்டார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. செங்கல் லாரியில் கிளீனர். டிரைவர் கோபால். லோடுமேன் மண்ணாங்கட்டி. ஸ்டெப்னி தொங்குகிற சங்கிலி அறுந்துவிட்டது. சங்கிலி கேட்டால் முதலாளி தங்கவேல் கயிற்றைத் தூக்கிப் போட்டார். "புது தினுசுடா. யானையக் கட்டலாம்."

கட்டியது நான். எட்டுச் சுற்று.

விழுப்புரத்தில் செங்கல்லை இறக்கிவிட்டுத் திரும்புகிறோம். மதகடிப்பட்டு தாண்டியாயிற்று. சாயங்காலம் நாலு மணி, எதிர்க்காற்று. நானும் மண்ணாங்கட்டியும் லாரியின் பின்பக்கம். எங்களுக்குப் பின்னால் ஒரு சைக்கிள். லாரியை ஒட்டி வந்தால் காற்று முகத்தில் அடிக்காது, மிதிக்க லேசு. அப்போது எல்லாரும் அப்படித்தான் வருவார்கள். பின்னால் காலி மீன்கூடை. விற்று முடித்த சந்தோஷம் முகத்தில்.

"இன்னா தம்பி, எந்த ஊரு நீ?" என்று கேட்டான்.

பாகூர் என்று சொல்ல வாயெடுத்தேன். அடியில் ஒரு சத்தம். டயர் ஒரே ஒரு தடவைதான் எகிறியது, நேராக அவன் மேல்.

இறங்கி ஓடினேன். தொங்கிக்கொண்டிருந்த கயிற்றைப் பிடித்தேன். நுனி உருகி, மணி மாதிரி உருண்டு நின்றது. கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தால் தோலோடு வந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. பெரிய சுண்டைக்காய் அளவு.

கோபால் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "கயித்த எடுத்து மடியில கட்டு. டயரத் தூக்கி லாரியில போடு. யாராவது கேட்டா, குடிச்சிட்டு வந்து தானா வுழுந்தான்னு சொல்லு."

சொன்னேன். மூன்று பேரும் சொன்னோம். முதலாளியும் கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். கயிற்றைப் பாகூர் ஏரியில் போட்டேன். அந்தக் கயிறு முழுகாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கல் கட்டி மறுபடி போட்டேன்.

அவன் மேல் மீன் வாசனைதான் இருந்தது. சாராய வாசனை இல்லை.

பெயர் பிறகு தெரிந்தது. காத்தவராயன். ஊர் மணப்பட்டு. அன்றையிலிருந்து நல்லது கெட்டது எதற்கும் மணப்பட்டுக்குப் போனதில்லை நான்.

ஞாயிறு வர இன்னும் மூன்று நாள். ஆறு பைக்.

சித்திரை 13, சனி

காக்கா கூடப் பறக்கவில்லை, அவ்வளவு வெயில். ரவியிடம் மறுபடி சொன்னேன். "மாமா, அவன் வண்டி, அவன் கயிறு. நீங்க ஏன் மாமா இப்பிடி வேர்த்துக் கொட்டறீங்க?" என்றான். பனியனுக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எங்கே என்று அவனிடம் சொல்லவில்லை.

மணப்பட்டில் இறங்கினேன். கரையேற்றிய படகுகளின் நிழலில் ஏழெட்டுப் பேர் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். சங்கர் வண்டி அப்போதுதான் வந்து நின்றிருக்கிறது. தங்கச்சியை அழைத்துவர விழுப்புரம் போய்த் திரும்பினானாம். அதே ரோடு. சைலன்சர் டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. நைலான் உருகுகிற அந்த வாசனை எனக்கு ரோட்டிலேயே வந்துவிட்டது.

"வா தாத்தா. கயித்த மோந்து பாக்க வந்தியா?" என்றான் சங்கர். வலைக்காரர்கள் சிரித்தார்கள்.

"நீ பாத்தியான்னு கேட்டியே. பாத்தேன்பா. கட்டுனதே நான்தான்" என்றேன். கட்டைவிரலைக் காட்டினேன். லாரி, டயர், சைக்கிள், பொய் எல்லாம் சொன்னேன். பெயரை மட்டும் சொல்லவில்லை.

சங்கர் சிரிப்பை நிறுத்திவிட்டு அடியில் போனான்.

"எத்தினி சுத்து இருக்குது?" என்று கேட்டேன்.

"மூணு."

எட்டில் ஐந்து போய்விட்டது. மிச்சம் மூன்றும் பளபளவென்று, நூல் மாதிரி இழுபட்டு. டயர் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கிற்று. கத்தி வாங்கி அறுத்தான். கத்தி பட்டதும் விழுந்தது. நிலம் அதிர்ந்தது. கோழிகள் ஓடின.

வெளியே வந்தவன் கத்தியைக் கீழே போட்டான். "பின்னாடியே பைக்குல வந்தவன் என் தம்பி" என்றான். இரண்டு தடவை சொன்னான்.

எனக்கு அப்போதே கிளம்பிவிட வேண்டும் போல இருந்தது. கிளம்பியிருக்கலாம்.

"அந்த சைக்கிள்காரரு யாரு தாத்தா?"

"உங்க ஊருதான். காத்தவராயன்."

வலை பின்னிய கைகள் நின்றன. ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் தெற்குத் தெருப் பக்கம் பார்த்தார்கள், அவன் வீடு அங்கே போல.

"குடிச்சிட்டு வுழுந்து செத்தாருன்னுல்ல சொன்னாங்க" என்றான் சங்கர்.

"குடிக்கல."

வயசான ஒருத்தர் வலையைக் கீழே வைத்தார். "குடிகாரன் பொண்ணு, குடிகாரன் பொண்ணுன்னு சொல்லியே அவரு பொண்ணுங்க ரெண்டையும் கேட்டு ஒருத்தன் வரலையேய்யா" என்றார். கத்தவில்லை. சும்மா பேசுகிற மாதிரிதான் சொன்னார்.

யாரும் என்னை அடிக்கவில்லை. ஆட்டோ வரைக்கும் யாரும் கூட வரவும் இல்லை.

சித்திரை 14, ஞாயிறு, அமாவாசை

காற்று அடியோடு இல்லை. ஒரு தம்ளர் காபி. மாத்திரை போட மறந்து, பிறகு போட்டேன்.

சங்கர் வீட்டார் விடியலில் மலையனூர் கிளம்பிவிட்டார்கள். டயரை வீட்டிலேயே போட்டுவிட்டு. இது ஒன்றாவது நடந்தது.

கோபால்: குடித்தே செத்தான். நாங்கள் சொன்ன பொய் அவனுக்குப் பலித்தது.
தங்கவேல்: போய் ரொம்ப நாள்.
மண்ணாங்கட்டி: புயலுக்கு முந்தின மாதம். காரியத்தில் உட்கார்ந்திருந்தபோது, இனி வாய் திறக்க ஆளில்லை என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

ஏழரைக்கு ரவி செல்போனை நீட்டினான். வழியிலிருந்து சங்கர்.

"தாத்தா, நேத்து நீ போனதும் தெற்குத் தெரு ஆயாகிட்ட போய்ச் சொல்லிட்டேன். அழல. கத்தல. வாசல்ல பாயப் போட்டுக் குந்திக்கிச்சி. நாங்க கெளம்பறப்பவும் அங்கியேதான் குந்திக்கினு இருக்குது. உன் பேரு கேட்டுச்சி, ஏழுமலைன்னேன். 'இட்டுக்கினு வாங்க அவன'ன்னுச்சி. வேற ஒரு வார்த்த பேசல."

"இன்னா மாமா சொல்றான்?" என்றான் ரவி. டயரை எடுத்து வைத்துவிட்டானாம் என்றேன்.

சட்டை போட்டாயிற்று. ஒன்பது மணிக்கு ஆட்டோ. அந்த ஒரு நாளுக்குச் சொந்தக்காரர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது ஒருத்திதான். காத்தவராயன் பெண்டாட்டி, அஞ்சலை.