பெண் வீட்டாருக்கு என்ன எழுத?

அச்சன்புதூர்,
8.6.2025

அன்பு மகன் பேச்சிராஜுக்கு, அப்பா பிச்சைமணி எழுதுவது.

நம்பு, நானேதான். ஷெர்லின் டீச்சரின் முதியோர் வகுப்பில் படித்து எழுதும் முதல் கடிதம் இது. காலையில் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தேன். இப்போது உன் அம்மா மத்தியானச் சோற்றுக்குக் கூப்பிடுகிறாள். "கலெக்டருக்கு மனு எழுதுத மாதிரியில்லா முக்குதீக" என்கிறாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

திருவேங்கடத்திலிருந்து உனக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பெண் பெயர் சங்கரேஸ்வரி, மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளைக்குச் சென்னையில் எந்த ஆபீஸ், என்ன வேலை என்று விவரம் கேட்கிறார்கள். எனக்கும் உன் ஆபீஸ் பெயர் தெரியவில்லை. எழுதி அனுப்பு. உன் பிறந்தநாளுக்கு எடுத்த போட்டோவும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா

சென்னை,
17.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ரூமில் எல்லோருக்கும் காட்டினேன். உங்கள் எழுத்து என்றால் ஒருவரும் நம்பவில்லை.

பெண் வீட்டாரிடம் 'ஆபீஸ் வேலை' என்று மட்டும் சொல்லுங்கள், போதும். மேற்கொண்டு கேட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள். வேலை அதிகம், அதனால்தான் போனில் பேச முடிவதில்லை. இந்தக் குற்றாலச் சீசனுக்கு ஊருக்கு வர இயலாது. கேக் வெட்டிய போட்டோவை அம்மாவின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

பேச்சிராஜ்

அச்சன்புதூர்,
29.6.2025

அன்பு மகனுக்கு,

போட்டோ வந்தது. அம்மா கேக்கைப் பார்த்தாள். நான் போட்டோவைப் பெரிதாக்கி உன் கையைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக உரிந்திருக்கிறது. பிளீச்சிங் பவுடர் பட்டால்தான் அப்படி உரியும். எனக்கும் ஒரு காலத்தில் உரிந்திருக்கிறது.

இதை வீட்டில் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மீசை முளைத்த வயதில் ஒரு சீசன் முழுக்கக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை கழுவினேன், கக்கூசும் கழுவினேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் அறையெல்லாம் எண்ணெயாக்கிவிட்டுப் போவார்கள். முதல் நாள் நான் நேரே வாளித் தண்ணீரைத் தூக்கி ஊற்றினேன். அதிலேயே வழுக்கி, வராந்தா வரைக்கும் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தேன். என்னோடு வேலை பார்த்த முருகம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏலே, எண்ணெய் மேல தண்ணிய ஊத்துதியே, அருவிக்கு வந்தவுகளுக்குச் சறுக்கு மரம் கட்டுதியோ?" என்று கேட்டுவிட்டு, தரையெங்கும் தவிட்டைத் தூவி என்னை உட்காரச் சொன்னாள். நான் உடனே துடைப்பத்தை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டாள். "தவிடு எண்ணெயக் குடிக்கட்டும். அது வரைக்கும் சும்மா கெட." வேலைக்கு நடுவில் சும்மா இருப்பதும் வேலைதான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இன்னொருவர் உவைஸ். அறைக்குள் எதைப் பார்த்தாலும், கீழே அந்த அறையில் தங்கியவர்களைக் கண்டால் மரியாதையாக வணக்கம் வைப்பார். "உள்ள பாத்ததை உள்ளயே வச்சுப் பூட்டிரணும்லே" என்பார். வயிற்றுப்போக்கில் படுக்கையை நனைத்துவிட்டுக் கூனிக்குறுகி நின்ற ஒரு பெரியவரிடம், "மழைல ஒழுகிட்டு அண்ணாச்சி, ஓடு மாத்தணும்" என்று உவைஸ் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். நானும் அவரைப் போல் இருக்க முயன்றேன். எல்லா நேரமும் முடியவில்லை.

நீ எதைக் கழுவுகிறாய் என்று நான் கேட்கவில்லை. பெண் வீட்டார் வெள்ளிக்கிழமை விவரம் வாங்க வருகிறார்கள். பொய்யை என் கையால் எழுத வராது. நீ சொல்வதை எழுதுகிறேன். வேண்டாம் என்றால் சம்பந்தத்தை விட்டுவிடுகிறேன். எதுவானாலும் இப்படி ஒளிந்து இருக்காதே. போனில் உன் சத்தம் கேட்காமல் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

தூங்கும் முன் விரலிடுக்கில் தேங்காயெண்ணெய் போடு.

அப்பா

சென்னை,
2.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறேன். முன்பு வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு கிடைத்த வேலை. நீங்கள் ஊரெல்லாம் ஆபீஸ் என்று சொல்லிவிட்டீர்கள். எப்படி மாற்றிச் சொல்வது என்று தெரியாமல்தான் போனை எடுக்கவில்லை. உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கழிவறையில் நின்று அழுதேன். அப்புறம் அந்தக் கழிவறையையும் கழுவினேன்.

அம்மாவிடம் மெசேஜில் நம்பர் வாங்கி சங்கரேஸ்வரியிடம் நானே பேசிவிட்டேன். இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராவிட்டாலும் அன்று போனில் நானே உங்களிடம் சொல்வேன். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள்.

அறை சுத்தம் செய்கிறேன் என்றே அவளிடம் சொன்னேன். அவள், "எங்கப்பா ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவாக, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். போனை வைக்கப் போனவள், "ஆனா ஒண்ணு, நம்ம வீட்டு பாத்ரூமை நீங்கதான் கழுவணும்" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் மகன்,
பேச்சிராஜ்