மூட வந்த போர்வை

ஒஹாயோ, அக்டோபர்

என் அருமை மகளே,

மகிழ்ச்சியோடு எழுதுகிறேன். வீட்டு வன்முறைக்கு எதிராகப் பெண்கள் வரைந்த நிர்வாண ஓவியங்கள் நூலகத்தில் இருக்கின்றன அல்லவா? அவற்றில் உன்னை நீயே வரைந்ததை மூடிவிட, தேவாலயச் சபைப் பெண்கள் நாங்கள் நேற்று ஒரு போர்வையோடு சென்றோம்.

தோளில் நீ தீட்டியிருந்த, கன்றிப்போன விரல் தடங்களைக் கண்டதும், போதகரின் மனைவி வெர்னா போர்வையை நழுவவிட்டாள்.

“எனக்கும் இதே எடத்துலதான்டி,” என்று கழுத்துப்பட்டியை விலக்கிக் காட்டினாள்.

“ஜூலை வெயில்லயும் கழுத்து வரைக்கும் பொத்திக்கிட்டு வருவியே! பக்தின்னுல்ல நெனச்சோம், பாவி!” என்று எங்களோடு வந்த மில்ட்ரெட் அழுதபடி அவளைக் கட்டிக்கொண்டாள்.

ஏவாளை ஆடையின்றிப் படைத்தவர், அவள் மேனியில் காயம் எதையும் படைக்கவில்லை.

வெர்னா இப்போது என் வீட்டில் இருக்கிறாள். ஞாயிறன்று கையில்லாத சட்டை அணிந்து, போதகருக்கு நேரெதிரே எங்களோடு முதல் வரிசையில் அமரப்போகிறாள். நீயும் வா, மகளே. என் பக்கத்து இடம் உனக்குத்தான்.

உன் ஓவியத்தை இன்று இரண்டாம் முறையும் பார்த்து வந்த,
அம்மா