இருமையை அடித்துவிட்டேன்

ரம்ஸி,

அவித்த மொச்சை ஃபூல் அடுப்பின் மேல் இருக்கிறது. எலுமிச்சை பிழிந்து சாப்பிடு.

வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வீட்டுக்காரருக்கு நீ எழுதிய கடிதத்தில் கை வைத்துவிட்டேன். "பத்திரிகையில பிழை திருத்துறது போதாதா, வீட்லயுமா?" என்று ஆரம்பிக்காதே. முதல் வரியிலேயே வேற்றுமை தப்பு.

பிறகு, "குடியிருப்போர் இருவர்" என்று, இரண்டு பேரை மட்டும் குறிக்கும் இருமையில் எழுதியிருந்தாய். அதை அடித்துப் பன்மையாக்கினேன். நம் அரபியில் மூன்றாவது ஆள் வந்துவிட்டால் இருமை செல்லாதே.

விவாகரத்தாகி நிற்கும் உன் தங்கை சௌசனைப் பற்றி, "அவ வந்தா நான் எங்க உக்காந்து வேலை பாப்பேன்?" என்று நேற்றுக் கத்தினேன். அந்த வாக்கியத்தையும் அடித்துவிடு.

சமீஹா

பி.கு.: சாவி பூந்தொட்டிக்கு அடியில். கடைப்பக்கம் போனால் சௌசனுக்கும் ஒரு சாவி செய்து வாங்கி வா.