பத்துக் கிலோ அரிசிப் பை

என் வீட்டு மகாராணி சரோஜாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்த மேலுலகத்தில் உனக்கு முட்டிவலி இருக்காது என்று நம்புகிறேன். நான் சிங்கம் மாதிரி இருக்கிறேன். நான் லோரி ஓட்டுவதை நிறுத்திய பிறகு, கம்பெனியில் ஒருத்தனுக்கும் ஜொகூருக்கு வழி தெரியவில்லையாம்.

சுங்கை வேயில் நம் கஸ்தூரியோட மளிகைக் கடை மாறிப்போச்சு. பால்மாவு டின் இருந்த தட்டில் இப்போது பெரியவர்களுக்கான பேம்பர்ஸ், சர்க்கரை இல்லாத பிஸ்கட், முட்டித் தைலம். வாங்க வருவது எல்லாம் என் வயசுக்காரர்கள். அந்த யோசனையே நான் கொடுத்ததுதான்.

சம்பளம் நின்றதும் முதலில் பெட்ரோலைக் குறைத்தேன், பிறகு ஆட்டிறைச்சியை. மருந்து மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் அரிசியில் கை வைக்கவில்லை. நீ வாங்குவாயே, அதே பத்துக் கிலோ பைதான். பாதி தீர்வதற்குள் வண்டு வந்துவிடுகிறது. அதுங்களாவது குடும்பமாக இருக்குதுங்க.

போன வாரமும் அதே பையைத் தூக்கினேன்.

"அங்கிள், ஒத்த ஆளுக்கு இது எதுக்கு லா? ஒரு கிலோ பாக்கெட் இருக்கு, எடுத்துக்குங்க," என்றாள் கஸ்தூரி.

"கிள்ளான்லேர்ந்து மக, மருமகன், பேரப்பிள்ளைங்க எல்லாம் வராங்கம்மா. ஒரு வேன் நிறைய!"

"போன மாசமும் அதே வேன்தானே அங்கிள்? இன்னும் பார்க்கிங் தேடுதா?"

கடையே சிரித்தது. எல்லாரையும் விடச் சத்தமாக நான்தான் சிரித்தேன்.

நம் ஃபிளாட்டில் லிஃப்ட் ரிப்பேர். மூன்று மாடியும் ஒரே மூச்சில் ஏறினேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். உனக்குச் சொன்னால் என்ன? இரண்டாவது மாடிப் படியில் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் ஒருத்தரும் வரவில்லை. நீ இருந்திருந்தால் மேலேயிருந்து கத்தியிருப்பாய்.

அந்தச் சின்னப் பாக்கெட்டை நான் ஏன் எடுக்கவில்லை தெரியுமா? எடுத்தால், நீ இனிமேல் வரமாட்டாய் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா?

இன்றைக்கும் கை தானாக இரண்டு டின் அரிசி அளந்தது. ஒரு டின்னைத் திருப்பிக் கொட்டினேன். வெந்த பிறகு பார்த்தால், அவ்வளவு பெரிய சட்டியின் அடியில் கொஞ்சம் சோறுதான் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

போன வாரம் தூக்கி வந்த, இன்னும் பிரிக்காத பையைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிடுகிறேன். சுங்கை வே முழுக்க நான்தான் சோறு போட்டேன் என்று பேச்சு வரும், பார். நாளைக்கு வேன் கதை எதுவும் சொல்லாமல் அந்த ஒரு கிலோ பாக்கெட்டை வாங்குவேன், சத்தியம். ஆனால் உலை வைக்கும்போது உனக்கும் ஒரு பிடி போடுவேன். அதைக் கஸ்தூரியிடம் சொல்லத் தேவையில்லை.

சுங்கை வேயிலேயே நன்றாகச் சமைக்கும்,
உன் மாமா ராஜமாணிக்கம்