மூணாவது பாகத்துல போன பதினோரு கோட்டை

என் பொண்டாட்டி மகாராணி,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோ. குழாய் ரிப்பேர்காரர் நாலு மணிக்கு வருவார். மொட்டைமாடி சாவி எதிர்வீட்டு அக்காகிட்ட.

டிவி பக்கம் மட்டும் இப்போ போகாதே.

சரி, மென்னு முழுங்காம சொல்லிடறேன். நாம டிவில ஆடற ராஜா காலத்து கேம்ல எந்த பாகம் உசத்தின்னு நேத்து சண்டை வந்தப்போ, "மூணாவது பாகத்தை ஆடிப் பார்க்காமலே மட்டம்னு சொல்லாதே"ன்னு கத்தினியே, ரோஷத்துல காலைல உட்கார்ந்தேன். கோட்டை வாசல்லயே நாலு தடவை செத்தேன். டிப்போவுக்கு நேரமாச்சுன்னு அவசரமா சேவ் பண்ணினேன். நீ சேவ் பண்ணி வெச்சிருந்த ஆட்டத்து மேலேயே, அது அழிஞ்சிடுச்சு. அஞ்சு மாசமா நீ பிடிச்ச பதினோரு கோட்டையும் போச்சு. உன் கோட்டையை அழிச்ச இதே கையால இனி பஸ் ஓட்டணும்.

மூணாவதுதான் பிரமாதம், ஒத்துக்கறேன். பயத்துல சொல்லல.

பயத்துலதான் சொல்றேன். ஆனா அதுல வர்ற அந்த மழையும் குதிரையும் கண்ணுலயே நிக்குது.

ராத்திரி பேசாம மட்டும் இருந்துடாதே. திட்டு.

(இடமில்ல, ஓரத்துல எழுதறேன்) முதல் பாகம்தான் உசத்தின்னு நான் அடம்பிடிச்சதுக்கு ஒரே காரணம்தான். அதுல மட்டும்தான் ரெண்டு பேர் சேர்ந்து ஆட முடியும்.